கல்கத்தாவின் இரவு அரங்குகள்

கல்கத்தாவில் குடியேறிய தமிழர் பெரும்பாலும் நகரின் தென்பகுதியில், லேக் மார்க்கெட்டைச் சுற்றியே வாழ்ந்து பழகியவர்கள். வடக்கே ஹாதிபாகான் பக்கம் செல்லும் அலுவல் நம்மவருக்கு அதிகம் நேர்வதில்லை. பழைய கார்ன்வாலிஸ் வீதி, இன்றைய விதான் சரணி, அவ்வழியே செல்கிறது. அதன் ஓரத்தில், தூண்கள் தாங்கிய முகப்போடு ஒரு நாடகசாலை நிற்கின்றது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதன் பெயர் ‘ஸ்டார்’. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், இனி அது விநோதினியின் பெயரால் வழங்கும் என்று மேற்கு வங்க முதலமைச்சர் அறிவித்தார். விநோதினி ஒரு நடிகை. அவருடைய பெயரைத் தாங்கிய நாடகசாலை ஒன்று எழும்பும் என்று அவருக்கு வாக்களிக்கப்பட்டது 1883ஆம் ஆண்டில். இடையில் கழிந்தவை 141 ஆண்டுகள்.

ஒரு பெண்ணின் பெயரை ஒரு கட்டடத்தின் நெற்றியில் எழுத ஒரு மாநகரம் ஏன் இத்தனை காலம் எடுத்துக்கொண்டது? இக்கேள்வியைக் கையில் விளக்காகப் பிடித்துக்கொண்டு கல்கத்தாவின் இரவு அரங்குகளுக்குள் நாம் நுழைந்து பார்க்கலாம்.

ஆங்கில வணிகர்கள் இந்நகரில் நாடகம் ஆடத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் நடுவிலாகும். லால் பஜார் அருகே அவர்கள் நடத்திய நாடகசாலை 1756இல் சிராஜ் உத் தௌலாவின் படையெடுப்போடு முடிவுற்றது. 1775இல் வேறொன்று எழுந்தது. இவற்றில் வங்க மொழிக்கு இடமில்லை. வங்க மொழிக்கு முதன்முதலில் ஐரோப்பிய பாணி மேடை அமைத்துக் கொடுத்தவர் வங்காளியுமல்லர், ஆங்கிலேயரும் அல்லர். கெராசிம் லெபெதெவ் என்னும் ருஷ்ய இசைவாணர். நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று இவர் வரலாற்றில் உண்டு. இவர் இந்திய மண்ணில் முதலில் கால் வைத்தது சென்னையில்தான். 1785இல் வந்திறங்கி, இரண்டு ஆண்டுகள் அங்கே தங்கி, இசை நிகழ்ச்சிகள் நடத்தியதோடு தமிழும் கற்கத் தொடங்கினார். பின்னரே கல்கத்தா சேர்ந்தார். கோலக்நாத் தாஸ் என்பவரிடம் வங்க மொழி பயின்று, ஆங்கில நாடகமொன்றை வங்காளியில் பெயர்த்து, இன்றைய எஸ்ரா வீதிப் பகுதியில் கொட்டகை அமைத்து, 1795 நவம்பர் 27ஆம் நாள் அதை அரங்கேற்றினார். பெண் வேடங்களைப் பெண்களே ஏற்றனர் என்பதுதான் இங்கே கருதத் தக்கது. லெபெதெவின் பெயர் நிலைத்தது; கோலக்நாத்தின் பெயரும் நிலைத்தது. அந்தப் பெண்கள் யாவர் என்று எந்த ஏடும் சொல்லவில்லை.

ஆங்கில நடிகைகளின் நிலை வேறு. அவர்கள் பெயர் விளம்பரத்தில் அச்சாயிற்று. ஆயினும் அவர்கள் தொழிலிலும் இடர் குறைவன்று. 1813இல் திறந்த சௌரங்கி நாடகசாலையை 1835இல் துவாரகநாத் டாகுர் விலைக்கு வாங்கினார்; 1839இல் அது தீக்கிரையாயிற்று. அதன் நினைவாகத் தியேட்டர் ரோடு என்னும் பெயர் மட்டும் எஞ்சியிருந்தது. அதுவும் 1964இல் ஷேக்ஸ்பியர் சரணி ஆகிவிட்டது. அங்கே புகழ் பெற்றிருந்த எஸ்தர் லீச் என்னும் நடிகை தீயால் சோர்ந்துவிடாமல் நன்கொடை திரட்டி, பார்க் வீதியில் ‘சான் சூசி’ என்ற புதிய நாடகசாலையை எழுப்பினார். ‘கவலையின்மை’ என்பது அப் பிரெஞ்சுச் சொற்றொடரின் பொருள். 1843ஆம் ஆண்டு நவம்பரில் ஓரிரவு, மேடைக்குச் செல்லப் பக்கத் திரையருகே அவர் காத்து நின்றபோது, எண்ணெய் விளக்கின் சுடர் அவர் ஆடையில் பற்றியது. சில நாட்களில் உயிர் நீத்தார். அந்நாளில் அரங்கு முழுவதும் திறந்த சுடர்களால் ஒளி பெற்றது. நடிகையரின் உடையோ மெல்லிய துணியால் ஆகி விரிந்து கிடப்பது. இரண்டும் அருகருகே இருக்கும் இடத்தில் இத்தகைய விபத்துக்குத் தொலைவு அதிகமில்லை. அவர் கட்டிய அரங்கின் இடத்தில்தான் இன்று புனித சேவியர் கல்லூரி இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் அங்கே பயின்றிருப்பர்.

வங்காளிச் செல்வர்கள் தத்தம் மாளிகைகளில் விருந்தினருக்காக நாடகம் நடத்திய காலம் ஒன்று பின்னர் வந்தது. அதை விரைந்து கடந்துவிடலாம். 1872 டிசம்பர் 7ஆம் நாள் ஜோடாசாங்கோவில் ஒரு வீட்டு முற்றத்தில் நேஷனல் தியேட்டர் என்ற குழுவினர், தீனபந்து மித்திரரின் ‘நீல தர்ப்பண’த்தைச் சீட்டு விற்று ஆடினார்கள். அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைக் காட்டும் நாடகம் அது. ஒரு ரூபாயோ எட்டணாவோ கொடுத்தவர் எவராயினும் உள்ளே அமரலாம் என்பது அந்நகருக்குப் புதுமை. ஆனால் பெண் வேடங்களை ஆடவரே போட்டனர்.

அடுத்த ஆண்டு பெங்கால் தியேட்டர் தோன்றியபோது, நடிகைகளைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று வாதாடியவர் கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர். இவரும் நமக்கு அந்நியர் அல்லர். 1848 முதல் எட்டு ஆண்டுகள் சென்னையில் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் காலம் கழித்தவர். ஈசுவர சந்திர வித்தியாசாகரர் இந்த யோசனைக்கு இசையாமல் குழுவிலிருந்து விலகினார். கைம்பெண் மறுமணத்துக்காகப் போராடிய அப் பெரியவர் இதை எதிர்த்தது பலருக்கு வியப்பூட்டலாம். அவருடைய அச்சம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. குடும்பப் பெண் எவரும் மேடை ஏறமாட்டார். ஆதலால் வருபவர்கள் பரத்தையர் குடியிருப்புகளிலிருந்தே வரவேண்டியிருக்கும். அப்படியே நான்கு பெண்கள் வந்தனர்: கோலாப், எலோகேசி, ஜகத்தாரிணி, சியாமா. 1873 ஆகஸ்டில் மதுசூதனரின் ‘சர்மிஷ்டா’வோடு அரங்கு திறந்தது. அதைக் காண அவர் உயிரோடில்லை. ஜூன் மாதத்திலேயே காலமாகிவிட்டார். கோலாப் என்பவர் பின்னர் சுகுமாரி தத்தர் என்ற பெயருடன் மணவாழ்க்கை மேற்கொண்டு, 1875இல் ஒரு நாடகமும் எழுதி வெளியிட்டார்.

இந்நிலையில் அரசாங்கத்தின் கண்ணும் மேடையின்மேல் விழுந்தது. 1876 தொடக்கத்தில் இங்கிலாந்து இளவரசர் கல்கத்தாவுக்கு வந்தபோது, ஜகதானந்த முகர்ஜி என்னும் வழக்கறிஞர் அவரைத் தம் வீட்டு அந்தப்புரத்துக்குள் அழைத்து உபசரித்தார். ஊர் சிரித்தது. கிரேட் நேஷனல் தியேட்டர் அதைக் கேலி நாடகமாக்கியது. உடனே அவசரச் சட்டம் பிறந்தது. இயக்குநர் உபேந்திரநாத் தாஸும் அமிர்தலால் பாசுவும் வேறொரு நாடகத்தைச் சாக்கிட்டுக் கைது செய்யப்பட்டனர். உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆண்டு முடிவதற்குள் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் நாடு முழுமைக்கும் வந்துவிட்டது. அவதூறானது, அரசின்பால் வெறுப்பைத் தூண்டுவது, காண்போர் ஒழுக்கத்தைக் கெடுப்பது என மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லித் தடை செய்யும் சட்டம் அது. அரசாங்க வாசகங்களை நாள்தோறும் மொழிபெயர்க்கும் நமக்கு இதன் நுட்பம் எளிதில் புலப்படும். ஆட்சியைக் குறை கூறுவதும் ஒழுக்கக் கேடும் ஒரே வாக்கியத்தில் அமர்ந்துவிட்டால், ஒன்றைக் காட்டி மற்றொன்றை அடக்கலாம். விடுதலைக்குப் பிறகு 1954இல் சென்னை மாநிலம் இதே சாயலில் தனிச் சட்டம் இயற்றியதும், எம். ஆர். ராதாவின் நாடகங்களே அதற்கு ஏதுவாயின என்று பேசப்பட்டதும், 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்று தீர்த்ததும் தமிழ் வாசகர் அறிந்தவை.

விநோதினி மேடை ஏறியது 1874இல். வயது பன்னிரண்டுக்குள், மாதச் சம்பளம் பத்து ரூபாய். அவர் பெயரின் ஈற்றிலுள்ள ‘தாசி’ என்பதைக் கண்டு தமிழர் தவறாக எண்ணலாகாது. பிராமணரல்லாத வங்கப் பெண்கள் பொதுவாகவே அந்நாளில் தம் பெயரோடு அவ்வாறு எழுதிக்கொண்டனர். ஆனால் விநோதினி பிறந்த குலம் உலகம் ஏற்காத குலந்தான் என்பதை அவரே மறைத்ததில்லை. கிரீஷ் சந்திர கோஷ் என்னும் நாடகாசிரியர் அவருக்குக் குருவாய் அமைந்தார். பாத்திரத்தின் உள்ளத்தை எப்படி அறிவது, ஐரோப்பிய நடிகைகள் எப்படி நடிக்கிறார்கள் என்று அவர் சொல்லிக் கொடுக்க, இவர் கற்றார்.

1883இல் கிரீஷும் தோழர்களும் தமக்கென்று ஒரு நாடகசாலை வேண்டும் என்று துடித்தார்கள், பணமில்லை. குர்முக் ராய் என்ற மார்வாரி இளைஞரிடம் பணமிருந்தது. அவர் விரும்பியது நாடகத்தையன்று, விநோதினியை. நாடகசாலை எதற்கு, ஐம்பதினாயிரம் ரூபாய் தருகிறேன், அதை எடுத்துக்கொள் என்றும் அவர் கூறிப் பார்த்தார். விநோதினி பணத்தை மறுத்து நாடகசாலையைக் கேட்டார். தாம் சார்ந்திருந்த வேறொருவரை விட்டு நீங்கி, தோழர்கள் வற்புறுத்தியபடியே குர்முக் ராயின் ஆதரவை ஏற்றார். பீடன் வீதியில் கட்டடம் எழும்பியது. அடித்தளப் பள்ளத்தை நிரப்பத் தாமும் கூடையில் மண் சுமந்ததாகத் தம் சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார். அவர் பெயரின் முதலெழுத்தால் ‘பி தியேட்டர்’ என்று அது வழங்கும் என்பது தோழர்கள் அளித்த உறுதி. வங்காளியில் விநோதினி ‘பினோதினி’ ஆவார். பதிவு செய்யச் சென்றவர்கள் திரும்பி வந்தபோது, என்ன பெயர் என்று அவர் ஆவலோடு கேட்டார். ‘ஸ்டார்’ என்றார்கள். இத்தகைய பெண்ணின் பெயரிட்டால் கண்ணியமானவர்கள் வரமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு.

இதில் சதி செய்தவர் கொடியவர் அல்லர். அவரிடம் உண்மையான அன்பு கொண்டிருந்த தோழர்கள். அதுவே இச்செய்தியைக் கசப்பாக்குகிறது என்பது நம் கருத்து.

1883 ஜூலையில் திறந்த அந்த அரங்கில், அடுத்த ஆண்டு கிரீஷின் ‘சைதன்ய லீலை’யில் சைதன்யராக விநோதினியே நடித்தார். 1884 செப்டம்பர் 21ஆம் நாள் ஸ்ரீ ராமகிருஷ்ணர் அதைக் காண வந்து, நாடகம் முடிந்தபின் அவரை ஆசீர்வதித்தார். கண்ணியமானவர்கள் வரமாட்டார்கள் என்ற கணக்கு ஒன்றரை ஆண்டிலேயே பொய்த்துப் போயிற்று. வங்க அரங்குகளின் திரைமறைவில் பரமஹம்சரின் படத்தை வைத்து வணங்கும் வழக்கம் அதிலிருந்து வந்ததே. 1886இல் ‘வில்வமங்கல்’ நாடகத்தில் சிந்தாமணி என்னும் கணிகையாக விநோதினி நடித்தார். 1887இன் தொடக்கத்தோடு மேடையை விட்டு விலகினார். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அதன் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1941இல் மறைந்தார். 1912இல் அவர் வெளியிட்ட ‘என் கதை’ மட்டும் இராவிடின் கூடையில் சுமந்த மண்ணும் நமக்குத் தெரிந்திராது.

சிந்தாமணி என்றதும் நம்மவரில் மூத்தோருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். வில்வமங்கலர் கதை 1937இல் ‘சிந்தாமணி’ என்ற பெயரில் தமிழ்ப் படமாயிற்று. எம். கே. தியாகராஜ பாகவதர் வில்வமங்கலர், அஸ்வத்தம்மா சிந்தாமணி. அந்நாளில் சென்னையில் ஒலிப்பட வசதி குறைவாதலால் பாகவதரின் ‘அம்பிகாபதி’ முதலிய படங்கள் கல்கத்தாவிலேயே எடுக்கப்பட்டன, ‘சிந்தாமணி’யும் அவ்வாறே. படம் ஓராண்டுக்கு மேல் ஓடிற்று. அதை எடுத்த மதுரை ராயல் டாக்கியார், வந்த இலாபத்தில் மதுரையில் ஒரு கொட்டகை கட்டி, அதற்குச் சிந்தாமணி என்றே பெயரிட்டார்கள். கல்கத்தாவில் நடிகையின் பெயரைச் சூட்டக் கூசினார்கள். அவர் ஏற்ற கணிகை வேடத்தின் பெயரை மதுரையில் ஒருவரும் கூசாமல் சூட்டினார்கள். கதையில் வரும் கணிகைக்கு உலகம் காட்டும் பெருந்தன்மை அது.

தம் பெயரைத் தாமே உரத்துச் சொல்ல வாய்ப்புப் பெற்ற பெண்களும் இந்நகரில் உண்டு. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் ஒலிப்பதிவு தொடங்கினார். முதலில் பாடியவர்கள் கிளாசிக் தியேட்டரைச் சேர்ந்த சசிமுகி, ஃபணிபாலா என்னும் இரு பெண்கள். தொடர்ந்து கௌஹர் ஜான் வந்தார். நகைகளும் பட்டும் பூண்டு வந்து, குழாய் முன் நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு ராகத்தைச் சுருக்கிப் பாடி, இறுதியில் தம் பெயர் கௌஹர் ஜான் என்று ஆங்கிலத்தில் உரக்க அறிவித்தார். இது ஆணவமன்று. இசைத்தட்டு அச்சிடும் ஆலை அப்போது இந்தியாவில் இல்லை. மெழுகுப் பதிவுகள் ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகருக்குக் கப்பலில் சென்றன. அங்குள்ள தொழிலாளர் எந்தத் தட்டு யாருடையது என்று அறிந்து சீட்டு ஒட்டுவதற்காகவே பாடகர்கள் பெயர் சொல்லி முடித்தார்கள். நாடகசாலைப் பலகை மறுத்த இடத்தை இயந்திரம் தன் தேவைக்காகக் கொடுத்துவிட்டது. கௌஹர் ஜான் 1930இல் மைசூரில் காலமானார். அவருடைய குரலோடு அப்பெயரையும் இன்றும் நாம் கேட்கலாம்.

வடக்கே இவ்வாறிருக்க, தெற்கே சௌரங்கியிலும் பார்க் வீதியிலும் வேறு இரவு ஒன்று வளர்ந்தது. ஆங்கிலத்தில் ‘நைட் கிளப்’ எனப்படும் அதைத் தமிழில் சொல்வது மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு தொல்லை. ‘இரவு விடுதி’ என்றால் யாத்திரிகர் தங்குமிடமாகிவிடும். ‘கேளிக்கை விடுதி’ என்றால் இகழ்ச்சி தொனிக்கும். 1917இல் இத்தாலியரான ஏஞ்சலோ ஃபிர்ப்போ சௌரங்கியில் தொடங்கிய உணவகம், பக்கத்தில் கிராண்ட் ஹோட்டல், சற்றுத் தொலைவில் கிரேட் ஈஸ்டர்ன் ஆகியவை வெள்ளையர் உண்டு ஆடிய இடங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் வந்து குவிந்தபோது, கிராண்டில் டெடி வெதர்ஃபோர்ட் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பியானோ கலைஞர் ஜாஸ் இசை வாசித்தார். 1945இல் இந்நகரிலேயே காலராவுக்கு இரையானார். விடுதலைக்குப் பின் வெள்ளையர் சென்றாலும் இசை செல்லவில்லை. 1956இல் திறந்த மொகாம்போவில் பாம் கிரெய்ன் பாடினார். ட்ரின்காஸ், புளூ ஃபாக்ஸ், மூலான் ரூஜ் என்று பார்க் வீதியில் வரிசையாக விளக்குகள் எரிந்தன. வாத்தியக்காரர்களில் ஆங்கிலோ இந்தியரும் கோவாவினரும் மிகுதி.

ஃபிர்ப்போவில் ஆடிய மிஸ் ஷெஃபாலியின் இயற்பெயர் ஆரத்தி தாஸ். பிரிவினையால் கிழக்கு வங்கத்தை விட்டு வந்த அகதிக் குடும்பத்துப் பெண். குடும்பத்துக்குச் சோறு போடவேண்டிச் சிறு வயதிலேயே மேடை ஏறியவர். ஷெஃபாலி என்பது நம் பவழமல்லி. இரவில் மலர்ந்து விடியற்காலையில் உதிர்வது. அப்பெயரைச் சூட்டியவர் அறிந்துதான் சூட்டினாரோ என்னவோ. சத்யஜித் ராய் தம் இரண்டு படங்களில் அவரை நடிக்கவைத்தார். பின்னாளில் அவர் ஹாதிபாகான் மேடைகளிலும் ஆடினார். அபசம்ஸ்கிருதி, அதாவது பண்பாட்டுச் சீர்கேடு, என்ற கூக்குரல் அப்போது எழுந்தது. எழுப்பியவர்கள் வேறு, காலம் வேறு. 1873இல் எழுந்த வாதந்தான். ஷெஃபாலி 2020இல் காலமானார்.

1969இல் ட்ரின்காஸில் ஒரு புதுமை நிகழ்ந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில், சஃபையர் திரையரங்கு வளாகத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ என்னும் விடுதியில் முதலில் பாடிய உஷா ஐயர், கல்கத்தாவுக்கு வந்து பாடினார். பம்பாயில் வளர்ந்த தமிழ்ப் பெண். குட்டைப் பாவாடையும் மின்னும் உடையும் எதிர்பார்த்து வந்தவர்கள், காஞ்சிபுரம் பட்டும் தலையில் பூவும் நெற்றியில் பெரிய பொட்டுமாக ஒருவர் நின்று கனத்த குரலில் ஆங்கிலப் பாட்டுப் பாடுவதைக் கண்டார்கள். ஓர் உடை மாற்றத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். விடுதியில் பாடும் பெண்ணைப் பார்க்கும் பார்வையையே அது மாற்றிற்று. அதுவரை கணவர் மட்டும் வந்த இடத்துக்குக் குடும்பத்தோடு வரலாயினர். உஷா உதுப் என்று பின்னர் நாடறிந்த அவர் கல்கத்தாவையே தம் ஊராக்கிக்கொண்டார். 2024இல் பத்மபூஷண் விருது பெற்றார். தமது பெயரிலேயே பாடி, அப்பெயரோடேயே புகழ்பெற்றார்.

பார்க் வீதியின் ஒளி 1970களில் மங்கியது. அரசியல் கொந்தளிப்பு, ஓயாத மின்வெட்டு, நேரடி இசைக்கு விதித்த கேளிக்கை வரி யாவும் சேர்ந்து வாத்தியக்காரர்களைப் பம்பாய்க்கும் வெளிநாட்டுக்கும் விரட்டின. ஃபிர்ப்போ கடைத்தொகுதியாயிற்று. வடக்கே ஹாதிபாகான் சற்றுத் தாக்குப் பிடித்தது. அங்கே வியாழன், சனி, ஞாயிறு என்று நாடக நாட்கள் குறித்தபடி நடந்தன. 1959இல் மினர்வாவில் உத்பல் தத்தர் நிலக்கரிச் சுரங்க விபத்தைக் காட்டும் ‘அங்கார்’ நாடகத்தை அரங்கேற்றினார். தாபஸ் சென் வெறும் ஒளியைக் கொண்டே சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதைக் காட்டியபோது ஊரே திரண்டது. பின்னர் தொலைக்காட்சி வந்தது. அரங்கின் நாற்காலிகள் காலியாயின. தீயும் மறக்கவில்லை. 1991இல் ஸ்டார் எரிந்தது. 2001இல் ரங்மஹாலும் விஸ்வரூபாவும் எரிந்தன. ஸ்டாரை மாநகராட்சி மீண்டும் கட்டி 2004இல் திறந்தது.

ஆனால் இன்று விநோதினியின் பெயர் பெறும் ஹாதிபாகான் கட்டடம் அவர் மண் சுமந்த கட்டடம் அன்று. பீடன் வீதியில் எழுந்த முதல் ஸ்டாரின் நிலத்தை 1887இல் கோபால் லால் சீல் என்ற செல்வர் விலைக்கு வாங்கிவிட்டார். குழுவினர் கட்டடத்தை விற்றார்கள். ‘ஸ்டார்’ என்ற பெயரை மட்டும் விற்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஹாதிபாகான் சென்று, 1888இல் புதிய அரங்கு திறந்தார்கள். விட்டுச் சென்ற கொட்டகை எமரால்டு, கிளாசிக், மன்மோகன் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்கள் பெற்று, இறுதியில் சித்தரஞ்சன் அவென்யூவுக்காக இடிக்கப்பட்டது. விநோதினி நடித்த மேடை இருந்த இடத்தின்மேல் இன்று பேருந்துகள் ஓடுகின்றன. 1888க்கு முன்பே மேடையை விட்டு விலகிய அவர், தம் பெயரைத் தாங்கும் அரங்கில் ஓரிரவும் நடித்ததில்லை.